மேயோவின் வழக்கும் ஈரோட்டின் வாசிப்பும்

ஒரு பேரரசுக்கு எதிராக அதன் குடிகள் கிளர்ந்தெழும்போது, அந்தப் பேரரசுக்காக வாதாட வருகிறவர்களில் மூன்றாம் நாட்டவரின் சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம். ஆள்பவர் தம் ஆட்சியைத் தாமே புகழ்ந்தால் எடுபடாது. ஆளப்படுவோரில் சிலர் புகழ்ந்தால், சலுகைக்காகப் பேசுகிறார்கள் என்று ஒதுக்கிவிடலாம். இரண்டு பக்கத்தையும் சேராத ஒருவர், தமக்கு இதில் ஆதாயம் ஏதுமில்லை என்ற அறிவிப்போடு வந்து பேசினால் உலகம் செவிசாய்க்கிறது. 1927இல் வெளிவந்த ‘மதர் இந்தியா’ என்ற நூலின் பலமே இதுதான். அதை எழுதிய காத்தரின் மேயோ அமெரிக்கக் குடிமகள். எந்த அமைப்பின் பணமும் பெறாமல், யாருக்கும் கட்டுப்படாமல் சுயமாக வந்து பார்த்து எழுதுவதாக நூலின் தொடக்கத்திலேயே அவர் சொல்லிக்கொண்டார்.

இந்த நூல் எழுப்பிய புயல் பற்றி ஆய்வுகள் பல உண்டு. அவை பெரும்பாலும் லண்டன், நியூயார்க், பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களின் எதிர்வினைகளையே மையமாகக் கொண்டவை. கொங்கு நாட்டில் நடந்த வாசிப்பு அவற்றில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகிறது. ஈரோட்டிலிருந்து வந்த ‘குடி அரசு’ இதழும், காங்கயம் பக்கத்துப் பரஞ்சேர்வழியில் பிறந்த கோவை அ. அய்யாமுத்து 1929இல் வெளியிட்ட ‘மேயோ கூற்று மெய்யா பொய்யா’ என்ற நூலும் மேயோவை அணுகிய விதம் அந்த நகரங்களில் காணப்படாதது. பேரரசுக்கு ஆதரவு திரட்ட எழுதப்பட்ட நூல், அது யாரை நோக்கிப் பேசவே இல்லையோ அவர்கள் கையில் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. அந்தப் பயன்பாடு பேரரசுக்குச் செய்த துணையா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. துணை அல்ல என்பது என் முடிவு. ஆனால் அந்த வாசிப்பில் ஓர் இடைவெளி இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

முதலில் மேயோவின் நோக்கம். இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே, பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு விடுதலை தரலாகாது என்று வாதிட்டு 1925இல் ‘தி ஐல்ஸ் ஆஃப் ஃபியர்’ என்ற நூலை அவர் வெளியிட்டிருந்தார். அங்கே ஆள்பவர் அமெரிக்கர். அதனால் அது சொந்த நாட்டுக்கான வழக்கு. அதே வாதத்தை அடுத்து ஆங்கிலேயருக்காக எடுத்துக்கொண்டார். 1925 இறுதியில் லண்டன் சென்று இந்தியா அலுவலகத்தோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, அங்கிருந்து இந்தியா வந்து, அதிகாரிகளின் உதவியோடு சில மாதங்கள் சுற்றினார். அவருடைய சொந்தத் தாள்களை ஆராய்ந்து மனோரஞ்சன் ஜா 1971இல் எழுதிய நூல் இந்தத் தொடர்புகளை வெளிப்படுத்தியது. உடன் வந்தவர்களில் ஒருவர் ஹாரி ஃபீல்டு. அவர்தான் பின்னாளில், 1941இல், அமெரிக்காவில் தேசியக் கருத்தாய்வு மையத்தை நிறுவியவர். பொதுமக்கள் கருத்து எப்படி உருவாகிறது என்பதைத் தொழிலாகவே எடுத்துக்கொள்ளவிருந்த ஒருவர் அந்தப் பயணத்தில் இருந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

ஆங்கிலேயருக்கு அமெரிக்கரின் நல்லெண்ணம் ஏன் தேவைப்பட்டது? உலகப் போருக்குப் பின் பிரிட்டன் அமெரிக்காவுக்குக் கடன்பட்டிருந்தது. அமெரிக்க அதிபர் வில்சன் பேசிய சுயநிர்ணய உரிமை இந்தியர் காதிலும் விழுந்திருந்தது. 1921இலேயே நியூயார்க் பாதிரியார் ஜான் ஹேன்ஸ் ஹோம்ஸ், உலகின் மிகப் பெரிய மனிதர் காந்தியே என்று தம் சபையில் அறிவித்திருந்தார். ஒத்துழையாமை இயக்கம் 1922இல் நின்றுபோனாலும் அடுத்த அலை எப்போது எழுமோ என்ற அச்சம் ஆட்சியாளருக்கு இருந்தது. மேயோவுக்கோ உள்நாட்டுக் காரணமும் உண்டு. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று தீர்ப்பளித்தது; அந்தக் கதவை மறுபடி திறக்கும் முயற்சிகள் நடந்துகொண்டிருந்தன. இந்தியர் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர் என்று நிறுவினால், குடியுரிமைக்கும் தகுதியற்றவர் என்ற முடிவு தானே வந்துசேரும். ஆதாயமில்லாத சாட்சி என்ற தோற்றத்துக்குள் இவ்வளவும் அடங்கியிருந்தது.

நூலின் சான்றுகளில் இரண்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஒன்று, பின்னிணைப்பு. குழந்தை மணத்தால் சிறுமிகளின் உடலில் நேர்ந்த கொடுமைகளை மருத்துவக் குறிப்புகளாக அடுக்கும் பக்கங்கள் அவை. படிக்கிறவர் நெஞ்சு பதறும். ஆனால் அந்தக் குறிப்புகள் 1891இல் இந்தியாவில் பணியாற்றிய பெண் மருத்துவர்கள் அரசுக்குக் கொடுத்த மனுவிலிருந்து வந்தவை. மேயோவின் நூல் வெளிவந்தபோது அவற்றுக்கு 36 வயது. அவை அவருக்குக் கிடைத்த வழியோ, மத்திய சட்டசபையின் 1922ஆம் ஆண்டு விவாதப் பதிவு. அதாவது, உடலுறவுக்கான சம்மத வயதை உயர்த்தும் சட்டத்துக்காக அந்தச் சபையில் நடந்த வாதத்தில் முன்வைக்கப்பட்ட சான்றையே, இந்தியர் தம்மைத் திருத்திக்கொள்ள மாட்டார்கள் என்பதற்குச் சான்றாக மேயோ மாற்றினார். குறிப்புகள் பொய்யல்ல. அவற்றைத் திரட்டியவர்களின் நோக்கம்தான் வெட்டி எறியப்பட்டது.

மற்றொன்று, தமிழர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. 1917இல் இந்தியா வந்த, இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவிடம் சென்னை ஆதிதிராவிடர் சார்பில் ஒரு மனு கொடுக்கப்பட்டது. அதிகாரம் ஆங்கிலேயர் கையிலிருந்து மேல்சாதி இந்துக்கள் கைக்கு மாறுவதை உறுதியாக எதிர்ப்போம் என்ற மனு. மேயோ அதை விரிவாக எடுத்தாள்கிறார். மனு தந்தவர்களின் அச்சம் நியாயமானது. இன்றுவரை அதற்கு முழு விடை கிடைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் கேட்டது பாதுகாப்பும் பங்கும். மேயோவின் பக்கங்களில் அது ஆங்கில ஆட்சி தொடர வேண்டும் என்ற விண்ணப்பமாக மட்டும் சுருங்கிவிட்டது. ஒடுக்கப்பட்டோரின் குரலுக்கு இடம் கொடுத்ததாகத் தோற்றம் காட்டி, அந்தக் குரலை இன்னொருவரின் வழக்குக்கு வாய்தா வாங்கப் பயன்படுத்தியதுதான் நடந்தது.

தேசியத் தரப்பு வெகுண்டெழுந்தது. லஜபதி ராய் ‘அன்ஹேப்பி இந்தியா’ எழுதினார். தமிழர்கள் இருவர் எழுதிய மறுப்புகளும் உண்டு: மத்திய சட்டசபை உறுப்பினர் சி.எஸ். ரங்கய்யரின் ‘ஃபாதர் இந்தியா’; பம்பாயில் ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’ நடத்திய தஞ்சைக்காரர் காமாட்சி நடராஜனின் மறுப்பு நூல். நடராஜன் ஆயுள் முழுவதும் சமூகச் சீர்திருத்தத்துக்காக எழுதியவர். ரங்கய்யர் 1933இல் தீண்டாமை ஒழிப்புக்கும் ஆலய நுழைவுக்கும் மத்திய சட்டசபையில் மசோதா கொண்டுவந்தவர். மேயோவுக்கு மறுப்பு எழுதியவர்கள் எல்லோரும் பழமையின் காவலர்கள் என்று தள்ளிவிட இடமில்லை.

காந்தியின் மறுமொழி 1927 செப்டம்பர் 15 ‘யங் இந்தியா’ இதழில் வந்தது. சாக்கடையைச் சோதிக்க அனுப்பப்பட்டவரின் அறிக்கை என்று அந்த நூலை அவர் சாடியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே கட்டுரையில் அவர் சொன்ன இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அமெரிக்கர், ஆங்கிலேயர் முன்னால் வைக்கத் தகாத இந்த நூலை இந்தியர் ஒவ்வொருவரும் படித்து ஓரளவு பயன்பெறலாம் என்கிறார். காந்தி அப்போது தமிழகச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அக்டோபரில் கோவைக்கும் திருப்பூருக்கும் வந்து கதருக்காகவும் தீண்டாமைக்கு எதிராகவும் பேசினார். நூலின் குற்றம் அது பேசும் திசையில் இருக்கிறது, அதே செய்தி நம்மை நோக்கித் திரும்பினால் மருந்தாகும் என்ற அவர் பார்வை ஈரோட்டுப் பார்வையிலிருந்து வெகுதொலைவில் இல்லை. இரு தரப்பையும் முற்றிலும் எதிரெதிராக நிறுத்தும் வழக்கமான வரலாறு இந்த இடத்தில் தடுமாறுகிறது.

ஈரோட்டின் நிலை என்ன? பெரியார் 1925 மே மாதம் ‘குடி அரசு’ தொடங்கினார். அதே ஆண்டு நவம்பரில் காங்கிரசின் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடமளிக்கப்படாததால் காங்கிரசிலிருந்து வெளியேறினார். மேயோவைத் திட்டும் கூட்டத்தில் சேர அவர் இதழ் மறுத்தது. அந்த அம்மையார் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருந்தாலும், எழுதிய குறைகள் இங்கே இல்லாமல் போய்விடுமா என்பதே இதழின் வாதம். அய்யாமுத்து இதையே ஒரு நூலாக விரித்தார். இவர் வைக்கம் போராட்டத்தில் கலந்து சிறை சென்றவர். தெருவில் நடக்கும் உரிமைக்காக ஒரு சமூகம் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்ததை நேரில் கண்டவருக்கு, தீண்டாமையைப் பற்றி ஒரு வெளிநாட்டார் எழுதினால் அதைப் பொய் என்று எப்படிச் சொல்ல வரும்? குழந்தை மணம், பெண்ணடிமை, தீண்டாமை ஆகியவற்றில் மேயோவின் கூற்றுகள் மெய்யே என்ற பக்கம் அவர் நின்றார்.

இதை ஆங்கிலேயருக்குப் போட்ட ஓட்டு என்று கணக்கிடுவது தவறு. மேயோவின் வாதத்தில் இரண்டு படிகள் உண்டு. இந்தியச் சமூகம் நோயுற்றது என்பது முதற்படி. ஆகவே ஆங்கிலேயர் ஆள வேண்டும் என்பது இரண்டாம் படி. தேசியவாதிகளில் பலர் இரண்டாம் படியைத் தகர்க்க எண்ணி முதற்படியை மறுத்தார்கள். பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தினர் முதற்படியை ஏற்று அதிலேயே நின்று, நோய்க்கு மருந்தைத் தாங்களே தேடினார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு மணவயது 16 என்றும், சொத்துரிமை ஆண்களுக்குச் சமமாக வேண்டும் என்றும் தீர்மானித்தது. அடுத்த மாநாடு 1930 மே மாதம் ஈரோட்டிலேயே நடந்தது. நோயை ஒப்புக்கொண்டவர்கள் வைத்தியரைப் பேரரசின் அலுவலகத்தில் தேடவில்லை.

இடைவெளி என்று சொன்னேனே, அது இங்கேதான். ஆங்கில அரசு இந்த நோயில் என்ன பங்கு வகித்தது என்பதை மேயோ சொல்லாமல் விட்டார். ஈரோட்டு வாசிப்பும் அந்தக் கேள்விக்குத் தேவையான அழுத்தம் தரவில்லை. 1928இல், அரசியல் சீர்திருத்தத்தை ஆராய வந்த சைமன் குழுவைப் பகிஷ்கரிப்பதைப் பெரியார் எதிர்த்தபோது, அவர் கண்முன் நின்ற அபாயம் பார்ப்பனர் ஆதிக்கம். அரசு அவருக்கு அவ்வளவு பெரிய அபாயமாகத் தோன்றவில்லை. ஆனால் சட்டப் பதிவுகள் வேறு கதை சொல்கின்றன. சம்மத வயதை 1860இல் 10 என்று வைத்த ஆட்சி, 1891இல் 12 ஆக்கியது; அதை மண உறவுக்குள் 13க்கு உயர்த்த 1925 வரை ஆயிற்று. மத விஷயத்தில் தலையிடோம் என்ற விக்டோரியா அரசியின் 1858 பிரகடனம் பழமைவாதிகளுக்குக் கேடயமாக இருந்தது. அதற்குள் மைசூர் சமஸ்தானம் 1894இலும் பரோடா 1904இலும் குழந்தை மணத் தடைச் சட்டங்களை இயற்றிவிட்டன. இந்திய மன்னர்கள் செய்ததைப் பேரரசு செய்யத் துணியவில்லை. இந்த ஒரு செய்தியை அருகில் வைத்தாலே மேயோவின் இரண்டாம் படி சரிந்துவிடும். அவர் வாதம் அதைக் கணக்கில் கொள்ளாததை மறதி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929 செப்டம்பரில் நிறைவேறியது. 1930 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அது வகுத்த மணவயது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. கொண்டுவந்தவர் ஹர்பிலாஸ் சாரதா. அதற்கு முன் நாடெங்கும் சென்று சாட்சியம் திரட்டிய சம்மத வயதுக் குழுவில் நீதிக்கட்சியின் ஏ. ராமசாமி முதலியார் உறுப்பினர். சென்னைச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி கோயிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடியதும் இதே ஆண்டுகளில்தான். மேயோவின் நூல் ஏற்படுத்திய தலைகுனிவு தேசியவாதிகளையும் தயங்கிய அரசையும் ஒருசேர நெருக்கியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த நெருக்கடியைச் சட்டமாக மாற்றியவர்கள், தகுதியற்றவர்கள் என்று அவர் தீர்ப்பளித்த அந்த இந்தியர்களே.

அந்நிய நாட்டுக் குடிமக்களின் கருத்தை ஆட்சி எப்படி நடத்தியது என்பதற்கு மதுரையில் ஓர் எதிர்ச்சான்று உண்டு. அமெரிக்க மதுரை மிஷனில் பணியாற்றிய ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தானும் மேயோவைப் போல அமெரிக்கர்தான். 1930இல், வைஸ்ராய்க்குக் காந்தியின் இறுதிக் கடிதத்தைக் கொண்டுசென்ற ரெஜினால்ட் ரெனால்ட்ஸை அவர் தம் வீட்டில் தங்கவைத்தார். அதனால் கெய்த்தான் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. மறுபடி வந்தவர் 1944இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப் பின் திரும்பிவந்து மதுரை மாவட்டத்து ஊர்களிலேயே உழைத்தார். அரசியலில் தலையிடுவதில்லை என்ற உறுதிமொழி அந்நிய மிஷனரிகள் எல்லோர்மீதும் சுமத்தப்பட்டிருந்த காலம் அது. ஆட்சியை ஆதரித்து ஒரு நூலே எழுதுவது அரசியலாகக் கருதப்படவில்லை. ஒரு விருந்தாளிக்குச் சோறுபோட்டது அரசியலாயிற்று. மேயோவுக்குக் கிடைத்த வசதிகளின் உண்மையான மதிப்பைக் கெய்த்தானின் அனுபவத்தை வைத்துத்தான் அளக்க முடியும்.

அய்யாமுத்துவுக்கு வருவோம். மேயோவின் கூற்றுகளை மெய் என்று எழுதியதற்குப் பின் அவர் போன வழியைப் பாருங்கள். சுயமரியாதை இயக்கத்திலிருந்து விலகிக் காங்கிரசுக்குத் திரும்பினார். திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு சர்க்கா சங்கத்தின் செயலாளராகி, கொங்கு ஊர்களில் நூற்போரையும் நெய்வோரையும் ஒன்றுதிரட்டினார். அந்தத் திருப்பூரில்தான் 1932 ஜனவரியில் விடுதலைப் போராட்ட ஊர்வலத்தில் குமரன் கொடியோடு அடிபட்டு இறந்தார். தன் சமூகத்தின் மீதான குற்றச்சாட்டை அச்சில் ஏற்றுக்கொண்ட ஒருவர், அந்தக் குற்றச்சாட்டு எந்தப் பேரரசைக் காக்க எழுதப்பட்டதோ அதன் துணிச் சந்தையை எதிர்த்துக் கதர் மூட்டைகளோடு வேலை செய்தார். 1929ஆம் ஆண்டு நூலையும், பிற்காலத்தில் அவர் எழுதிய ‘எனது நினைவுகள்’ தன்வரலாற்றையும், அதே ஆண்டுகளின் ‘குடி அரசு’ இதழ்களையும் ஒருசேர வைத்துப் படிக்கும் வேலை கொங்கு வரலாற்று ஆய்வில் இன்னும் முறையாகத் தொடங்கப்பட வேண்டும்.