காக்கும் சொல்லும் கடக்கும் சொல்லும்

பாடம் கற்பிப்பவர் ஒருவர், மனக்குறை கேட்பவர் மற்றொருவர் என்னும் ஏற்பாடு பள்ளிகளில் மிகப் பழமையானதன்று. அதன் வரலாற்றையும், அதனுள் எழுந்த ஒரு தர்மசங்கடத்தையும் இன்று கூற விரும்புகிறேன்.

1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பிராங்க் பார்சன்ஸ் என்பார், இளைஞர்கள் தமக்கேற்ற தொழிலைத் தெரிந்துகொள்ள உதவும் நிலையமொன்றை நிறுவினார். வழிகாட்டும் பணிக்கு அது ஒரு வித்தாயிற்று. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை வானில் ஏவியது. அறிவியல் திறனுடைய மாணவரைக் கண்டறிய வேண்டுமென்ற பரபரப்பு அமெரிக்காவில் மிகுந்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், பள்ளி ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கப் பொருளுதவி அளித்தது.

தொழிலைப் பற்றிக் கேட்க வரும் பிள்ளை, வீட்டுத் துயரையும் சொல்லுமன்றோ? சொல்லுமுன், "யாரிடமும் சொல்லமாட்டீர்களே, ஐயா?" என்று கேட்கும். என் ஆசிரிய வாழ்வில் இக்கேள்வியைப் பன்முறை கேட்டிருக்கிறேன். 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்று, பள்ளிப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமையைப் பெற்றோருக்கு வழங்கியது. ஆயினும், ஆலோசகர் தம் நினைவுக்காக மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகளுக்கு விலக்கு அளித்தது.

அவ்வாறாயின், எல்லாவற்றையும் மறைத்து வைப்பதே கடமையா? 1988இல் மேரிலாந்து மாநிலத்தில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகத் தோழியரிடம் கூறினாள். அவர்கள் ஆலோசகரிடம் தெரிவித்தனர். ஆலோசகர்கள் வினவியபோது சிறுமி மறுத்தாள். பெற்றோருக்குச் செய்தி செல்லவில்லை, சிறுமி மாண்டாள். தந்தை தொடுத்த வழக்கில், 1991ஆம் ஆண்டு அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், இத்தகைய எண்ணத்தை அறிந்த ஆலோசகர் அதைத் தடுக்க நியாயமான முயற்சி செய்யக் கடமைப்பட்டவர் என்றும், பெற்றோரை எச்சரிப்பதும் அதில் அடங்கும் என்றும் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டுமென 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விதிக்கிறது.

ஆதலின் நல்ல ஆலோசகர், எதைக் காப்பேன், எதைக் காக்க இயலாது என்பதை முதல் நாளிலேயே மாணவரிடம் கூறிவிடுவார். மறை காப்பது பிள்ளையின் நலனுக்காக. உயிருக்கு இடர் வரும்போது மறையை வெளியிடுவதும் அதே நலனுக்காகவே.

அச்சிறுமியின் தோழியரை எண்ணிப் பாருங்கள். அவர்கள் செய்தது காட்டிக்கொடுத்தல் அன்று, நட்பின் கடமை. உங்கள் நண்பர் எவரேனும் அவ்வாறு கூறினால், அதை உங்கள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் செவிசாய்க்காவிடில் மற்றொருவரிடம் சொல்லுங்கள்.