அள்ளினதை எங்கே கொட்டுறது? ஏற்காடு மலைப்பாதையும் ஒரு கனடா மெஷினும்

இந்த எபிசோட் ஏற்காட்டுல ஆரம்பிச்சு, நடுவுல கனடா போய், மறுபடி ஏற்காட்டுக்கே வரும். எதுக்கு இந்தச் சுத்துன்னு கொஞ்ச நேரத்துல புரியும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கரையைக் கடந்த புயல் வேகமா நகர்ந்து போகல. உள்ளே வந்து நின்னு கொட்டுச்சு. ஊத்தங்கரையில ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர். அந்த மழையில சேர்வராயன் மலையும் சிக்கிச்சு. சேலத்துல இருந்து ஏற்காட்டுக்கு ஏறுற ரோடு, 20 கொண்டை ஊசி வளைவுகளோட நமக்கெல்லாம் தெரிஞ்ச ரோடுதான், மண்ணும் பாறையும் சரிஞ்சு நின்னு போச்சு. ஜேசிபி வந்தது, அள்ளினது, வழி திறந்தது. நியூஸ்ல அதோட முடிஞ்சுடும்.

ஆனா அள்ளின மண் எங்கே போச்சு?

அதைக் கேட்கிறதுக்கு முன்னாடி இந்த வழியோட கதையைக் கொஞ்சம் பார்த்துடலாம். 1820-ல சேலத்துக்குக் கலெக்டரா வந்தவர் எம்.டி. காக்பர்ன். 1829 வரைக்கும் இருந்தார். சேர்வராயன் மலையில காபியைக் கொண்டுவந்து நட்டவர்னு அவரைத்தான் சொல்றாங்க. காபி நட்டா போதாது, அது கீழே இறங்கணும். அன்னைக்கு மேலே போறவங்க குதிரையிலயோ, ஆட்கள் தூக்குற நாற்காலியிலயோதான் போகணும். மூட்டை இறங்கினது மாட்டு மேல, மனுஷங்க தலை மேல. மழைக்காலத்துல பாதை அடைச்சா கடப்பாரை, மம்பட்டி, இரும்புச் சட்டி. வேற எதுவும் கிடையாது. வெள்ளைக்காரர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த மலையில மலையாளி பழங்குடி மக்கள் இருந்தாங்க. கேரளாக்காரங்க இல்லை, மலையை ஆள்றவங்கங்கிற அர்த்தத்துல வர்ற பேர். காஞ்சிபுரத்துல இருந்து மலையேறினதா அவங்களே ஒரு கதை சொல்லுவாங்க. சட்டியில மண் சுமந்ததுல அவங்க உழைப்பு எவ்வளவுன்னு எந்த எஸ்டேட் பங்களாவுலயும் கல்வெட்டு வைக்கல.

இப்போ கனடா. நம்ம மொழியில புல் மேல இருக்கிற துளியும் பனி, ஏற்காட்டுல காலையில முகத்துல வந்து மோதுறதும் பனி, டொரண்டோவுல முட்டி வரைக்கும் விழுந்து கிடக்கிறதும் பனி. முதல் ரெண்டும் வெயில் வந்தா போயிடும். மூணாவது போகாது. அதை யாராவது தள்ளணும்.

1869-ல அதுக்கு ஒரு வரைபடம் போட்டவர் ஜே.டபிள்யூ. எலியட், டொரண்டோக்காரர். தொழில்? பல் டாக்டர்! ரயில் என்ஜினுக்கு முன்னாடி சுத்துற ஒரு பெரிய சக்கரம், தண்டவாளத்துல கிடக்கிற பனியை வெட்டி எறியணும்ங்கிறதுதான் யோசனை. அப்புறம் ஆரஞ்ச் ஜல்ங்கிறவர் அதை மாத்தியமைச்சு, 1880-கள்ல அது ரயில்பாதைகளுக்கு வந்துச்சு.

ரோட்டுக்கு வந்தது ஆர்தர் சிகார்டு மூலமா. கியூபெக் மாகாணத்துக்காரர், மாட்டுப் பண்ணைக் குடும்பம். பனி ரோட்டை அடைச்சா பால் நகரத்துக்குப் போகாது. கதிரடிக்கிற மெஷினைப் பார்த்துதான் அவருக்கு யோசனை வந்துச்சுன்னு சொல்வாங்க. கதிரை உள்ளே இழுத்து, வைக்கோலை வெளியே துப்புற மாதிரி பனியை ஏன் துப்பக்கூடாது? 1925-ல மெஷின் தயார். 1927-ல மான்ட்ரியல் பக்கத்து அவுட்ரெமான்ட் நகராட்சி வாங்கிச்சு. பனியை 90 அடி தள்ளி எறியலாம், இல்லேன்னா பக்கத்துல ஓடுற லாரிக்குள்ளேயே நேரா கொட்டலாம். எனக்கு இந்த லாரிதான் முக்கியமா படுது. ஒதுக்கித் தள்ளுறது ஒரு வேலை, கொண்டுபோய்ச் சேர்க்கிறது இன்னொரு வேலைன்னு சிகார்டு பிரிச்சுப் பார்த்திருக்கார்.

அந்தப் பிரிவு இன்னைக்கு வீட்டுக்கு வாங்குற மெஷின்லயும் இருக்கு. சிங்கிள் ஸ்டேஜ்ல ஒரே திருகுதான். அதுவே அள்ளும், அதுவே எறியும், ரப்பர் விளிம்பு தரையைத் தொட்டுக்கிட்டே போகும். டூ ஸ்டேஜ்ல முன்னாடி இருக்கிற இரும்புத் திருகு மெதுவா சுத்தி பனியை நடுவுக்குக் கொண்டுவரும். பின்னாடி இருக்கிற விசிறி வேகமா சுத்தி அதைக் குழாய் வழியா வெளியே வீசும். அமெரிக்காவோட விஸ்கான்சின்ல ஏரியன்ஸ் கம்பெனி 1960-ல ஸ்னோ-த்ரோங்கிற பேர்ல இந்த வகையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துச்சு.

1983-க்கு அப்புறம் இலங்கையில இருந்து போய் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் குடியேறின தமிழர்கள் நிறைய பேர் பிறந்ததுல இருந்து பனியே பார்க்காதவங்க. வீடு வாங்கினதும் அவங்களும் இந்த மெஷினுக்கு முன்னாடி நின்னிருப்பாங்க. எதை வாங்குறது? சின்ன வாசல், சிமென்ட் தரை, லேசான பனின்னா சிங்கிள் ஸ்டேஜே தாராளம். நீளமான டிரைவ்வே, அதுவும் ஜல்லி போட்டதுன்னா டூ ஸ்டேஜ். அதோட திருகு தரைக்குக் கொஞ்சம் மேலேயே நிக்கும், கல்லை அள்ளாது. இன்னொரு விஷயம், நகராட்சி வண்டி தெருவைச் சுத்தம் பண்ணிட்டுப் போகும்போது வீட்டு வாசல் முனையில ஒரு வரப்பு விட்டுட்டுப் போகும். உப்பும் ஐஸும் கலந்து இறுகிப்போன வரப்பு. சிங்கிள் ஸ்டேஜ் அதுக்கு முன்னாடி திணறும். (விசிறியில பனி அடைச்சா என்ஜினை நிறுத்திட்டு குச்சியால எடுக்கணும். கை விடவே கூடாது. நிறுத்தின பிறகும் ஒரு சுத்து சுத்தி விரலைப் பறிக்கும்.)

அப்புறம் அந்தக் குழாயை எந்தப் பக்கம் திருப்புறது? உங்க புல்வெளிப் பக்கம். ரோட்டுப் பக்கம் திருப்பக்கூடாது, டொரண்டோவுல அதுக்கு சட்டமே இருக்கு. உன் வாசலைத் திறக்கிறதுக்கு ஊர் வழியை அடைக்காதேங்கிறதுதான் விஷயம்.

சரி, ஏற்காட்டுக்குத் திரும்பிடலாம். இங்கே மெஷின் வந்துச்சு. பிரிட்டன்ல ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1953-ல முன்னாடி வாளி, பின்னாடி தோண்டுற கை வெச்ச பேக்ஹோவை உருவாக்கினார். அவரோட முதலெழுத்துகள்தான் ஜேசிபி. 1979-ல இருந்து ஹரியானாவோட பல்லப்கர்ல தயாராகுது. 'பொக்லைன்'னு பேப்பர்ல போடுறாங்களே, அது ஒரு பிரெஞ்சு கம்பெனி பேர். மம்பட்டி நாள் முழுக்க செய்யுற வேலையை இது கொஞ்ச நேரத்துல முடிச்சுடும். ஆனா இது செய்யுறது முதல் ஸ்டேஜ் மட்டும்தான். லாரி வராத இடத்துல ஆபரேட்டருக்கு ரொம்ப சுலபமான வழி, அள்ளினதைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிடுறது.

பனி மார்ச்சுல கரைஞ்சுடும். மண் கரையாது. கீழே ஓடை இருக்கும், காபித் தோட்டம் இருக்கும், அதே ரோட்டோட அடுத்த வளைவு இருக்கும். சேர்வராயன் மலையோட பாறை சார்னோகைட், ரொம்பக் கெட்டி. ஆனா மேல்பகுதி மக்கி மண்ணாகி, உருண்டைப் பாறைகள் அதுக்குள்ள புதைஞ்சு கிடக்கும். மழை மண்ணைக் கரைச்சா பாறை உருளும். சரிவோட அடிவாரத்துல இருந்து அவசரமா மண்ணை எடுத்தா மேல இருக்கிறதுக்குப் பிடிப்பு போயிடும்; சுத்தம் பண்ணின இடத்துலயே அடுத்த மழைக்கு மறுபடி சரியலாம். மலைச்சாலைகளைப் பத்தித் தெரிஞ்ச இன்ஜினியர்களுக்கு இது புதுசு இல்லை. மண்ணைக் கொட்ட முன்னாடியே இடம் பார்த்து வைக்கணும், லாரி வேணும், தண்ணி வடிய வழி வேணும். இதெல்லாம் செலவு. ரோட்டைத் திறன்னு எல்லாரும் கத்துற அன்னைக்கு யாரும் அதைக் கேட்க மாட்டாங்க.

ஏன் கத்துறாங்கன்னும் சொல்லணும். பெரிய ரோடு அடைச்சா நம்மள மாதிரி வீக்எண்ட் ஆளுங்களுக்கு ஒரு ட்ரிப் கேன்சல். மேல இருக்கிற மலைக்கிராமங்களுக்கு அது ஆஸ்பத்திரி, காலேஜ், காபி மூட்டை. அவங்களுக்கு இருக்கிற இன்னொரு வழி குப்பனூர் ரோடு. அதுவும் அதே மலையில, அதே மழையிலதான் இருக்கு.