நாலடிக்கு ஐந்தரை அடி

எங்கள் வீட்டில் மூன்று மாதமாக ஒரு வழக்கு நடந்தது. வாதி நான், பிரதிவாதி என் தாயார், நீதிபதி ஸ்தானத்தில் என் மனைவி. வழக்குக்குரிய சொத்து, நாலடி அகலமும் ஐந்தரை அடி நீளமும் உள்ள ஒரு மூலை. அம்மா படுக்கும் அறைக்கும் கொல்லை நடைக்கும் நடுவே, என் பாட்டனார் காலத்தில் நெல் குதிர் இருந்த இடம் அது. குதிர் போனபின் ஓட்டை அண்டாக்களும் பழைய பஞ்சாங்கங்களும் அங்கே குடியேறின. அவற்றைக் காலி செய்துவிட்டு, அறைப்பக்கம் ஒரு கதவு வைத்து, கக்கூஸும் குளிக்கும் இடமுமாகச் செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் இல்லாமல் இந்த யோசனை பிறக்கவில்லை. போன ஐப்பசி மழையில், இரவு இரண்டு மணிக்கு, அம்மா கொல்லைப்படியில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பில் கீறல். ஆறு வாரம் மாவுக்கட்டு. மறுநாள் நான் எண்ணிப் பார்த்தேன்: அவள் கட்டிலிலிருந்து கொல்லைக் கக்கூஸ் வரையில் நாற்பத்திரண்டு அடி வைக்க வேண்டும், இடையில் மூன்று படிகள், ஒரு பாசி பிடித்த துவைகல். எண்பத்தேழு வயதில் அது ஒரு யாத்திரைதான்.

ஆனால் அம்மா ஒரே வாக்கியத்தில் என் மனுவைத் தள்ளிவிட்டாள்: "தூங்குகிற அறைக்குள்ளேயா அது? நன்றாயிருக்கிறது!"

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் புஸ்தகத்தைக் கூப்பிடுவான். அம்மாவை மடக்குவதற்குச் சரித்திரத்தில் சாட்சி தேடிப் புறப்பட்டேன்.

முதல் சாட்சியாக மொஹஞ்சதாரோவையே கொண்டுவந்து நிறுத்தினேன். சுமார் 4500 வருஷங்களுக்கு முந்திய அந்த நகரத்தில், வீட்டுக்குள்ளேயே குளிக்கும் அறை இருந்தது. பெரிய அறையல்ல, நம் மூலையைப்போல ஒரு சிறு இடம். செங்கற்களை இடைவெளி தெரியாமல் இழைத்துப் பதித்து, தரையை ஒரு மூலைக்குச் சரித்திருக்கிறார்கள். தண்ணீர் சுவரைத் துளைத்துக்கொண்டு தெருச் சாக்கடைக்குப் போய்விடும். அந்தத் தெருச் சாக்கடைக்கும் செங்கல் மூடி! பல வீடுகளில் குளிக்கும் அறையைத் தெருச் சுவரை ஒட்டியே கட்டியிருப்பதைப் பார்த்தால், குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்குத் தொல்லை குறைவு என்ற ரகசியம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சில வீடுகளில் கக்கூஸும் இருந்திருக்கிறது.

அம்மா பொறுமையாகக் கேட்டாள். "அந்த ஊர்க்காரர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்றாள்.

சரி, மொஹஞ்சதாரோ நம்மைக் கைவிட்டது. சீமைக்குப் போவோம் என்று போனேன். அங்கே கதை விசித்திரமாக இருந்தது. எலிசபெத் மகாராணியின் ஞானப் புத்திரரான சர் ஜான் ஹாரிங்டன் என்பவர் 1596-ல், தண்ணீர் விட்டுக் கழுவும் கக்கூஸ் ஒன்றை வர்ணித்து ஒரு புஸ்தகமே எழுதினார். பாதி விகடம், பாதி விஞ்ஞானம். ரிச்மண்ட் அரண்மனையில் ராணிக்கும் ஒன்று வைத்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஆனால் அதில் ஒரு பெரிய குறை. தண்ணீர் கீழே போயிற்று. நாற்றம் மேலே வந்தது. அந்த நாற்றத்தைத் தடுக்க ஏறக்குறைய 180 வருஷம் பிடித்தது.

தடுத்தவர் டாக்டரல்ல, இன்ஜினீயருமல்ல, கடிகாரம் செய்கிறவர். அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1775-ல் அவர் பேட்டண்ட் வாங்கிய தந்திரம் இவ்வளவுதான்: குழாயைப் பாம்பு நெளிவதுபோல் வளைத்துவிட்டார். ஒவ்வொரு தடவை தண்ணீர் விட்ட பிறகும் அந்த வளைவில் இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் தங்கிவிடும். கீழேயிருந்து வரும் காற்றுக்கு அதுதான் பூட்டு. மூன்று வருஷத்துக்குப் பின் ஜோசப் பிராமா என்பவர் பொறியைத் திருத்தினார். அவர் நிஜமாகவே பூட்டும் செய்கிறவர்! நட்சத்திர ஹோட்டல்கள் முதல் நாம் குடியிருக்கும் ஃபிளாட்டுகள் வரையில், படுக்கையறையை ஒட்டிய குளியலறை என்னும் ஏற்பாடு முழுவதும் அந்த இரண்டு மூன்று அங்குலத் தண்ணீரின்மேல்தான் நிற்கிறது. கடிகாரக்காரரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

இதனால் லண்டன் சுத்தமாகிவிட்டதா? அதுதான் இல்லை. பணக்காரர் வீடுகளில் தண்ணீர்க் கக்கூஸ் பெருகப் பெருக, அத்தனையும் தேம்ஸ் நதியில் போய் விழுந்தது. அந்த நதியிலிருந்துதான் குடிக்கவும் தண்ணீர் எடுத்தார்கள். 1858-ம் வருஷத்துக் கோடையில் நதி நாறிய நாற்றத்தில், பார்லிமெண்ட் ஜன்னல்களில் சுண்ணாம்பு மருந்தில் நனைத்த திரைகளைத் தொங்கவிட்டார்கள். மந்திரிகள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் நிலை வந்த பிறகுதான் ஜோசப் பஸால்ஜெட்டுக்கு மகா சாக்கடை கட்டப் பணம் கிடைத்தது. ஜனங்களுடைய மூக்குக்கு எந்தத் தேசத்திலும் அவ்வளவு செல்வாக்கு இருந்ததில்லை.

இந்த இடத்தில் எதிர்பாராத விதமாக என் சாட்சி எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது. 1871-ல் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆனவர், ஸ்கார்பரோ என்ற ஊரில் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கினார். திரும்பியதும் டைபாய்டு. கூடத் தங்கியிருந்த செஸ்டர்பீல்டு பிரபு இறந்தே போனார். பத்து வருஷத்துக்கு முன் அதே டிசம்பரில் தகப்பனார் இறந்ததும் டைபாய்டினால்தான் என்பது அன்றைய வைத்தியர்களின் தீர்ப்பு. இளவரசர் எப்படியோ பிழைத்தார். பழி முழுவதும் அந்த மாளிகையின் சாக்கடையின்மேல் விழுந்தது. சாக்கடைக் காற்றுத்தான் நோயைக் கொண்டுவருகிறது என்று சீமை முழுவதும் கிலி பிடித்தது. படுக்கையறைக்குப் பக்கத்தில் குழாயை விடாதே என்று வைத்தியர்கள் எச்சரித்தார்கள். டைபாய்டு காற்றில் வருவதில்லை, தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருகிறது என்பது பின்னால் ருசுவாயிற்று. ஆனால் 1870-களில் அம்மா லண்டனில் பிறந்திருந்தால், பெரிய பெரிய டாக்டர்கள் அவள் பக்கம் வக்காலத்து வாங்கியிருப்பார்கள்.

அமெரிக்காவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1908-ல் பஃபலோ நகரத்தில் ஸ்டாட்லர் என்பவர் கட்டிய ஹோட்டலில் அறைக்கு ஒரு குளியலறை. ஒன்றரை டாலரிலிருந்து வாடகை. இரண்டு குளியலறைகளை முதுகோடு முதுகு சேர்த்துவைத்து, நடுவில் ஒரே பொந்தில் எல்லாக் குழாய்களையும் விட்டார். செலவு குறைந்தது. பணக்காரர் சுகம் நடுத்தர ஜனங்களுக்கும் வந்தது.

ஆனால் ஒரு வேடிக்கை. சீமையில் கிலி பிடித்திருந்த அதே காலத்தில், சீமைத் துரைகள் நம் தேசத்தில் கட்டிக்கொண்ட பங்களாக்களில் படுக்கையறைக்குப் படுக்கையறை ஒரு குளியலறை ஒட்டியிருந்தது! உள்ளே ஒரு தகரத் தொட்டி. கீழே பாத்திரம் வைத்த ஒரு மரப்பெட்டி நாற்காலி. குழாய் கிடையாது, சாக்கடை கிடையாது. அப்படியானால் எப்படி நடந்தது? அந்தக் குளியலறைக்கு வெளிப்புறமாக ஒரு சின்னக் கதவு இருக்கும். பழைய டிராவலர்ஸ் பங்களாக்களில் தங்கியவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதவு வழியாகத் தண்ணீர் சுமப்பவன் வருவான், தோட்டி வருவான். துரை எழுந்து வருவதற்குள் எல்லாம் மாயமாய்ச் சுத்தமாகியிருக்கும். கடிகாரக்காரரின் வளைந்த குழாய் செய்த வேலையை இங்கே ஒரு மனிதன் செய்தான்.

இதைப் படித்ததும் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் எங்கள் கொல்லையிலும் அப்படி ஒரு கதவு இருந்தது.

1960-களில், நான் சிறுவனாயிருந்தபோது, எங்களுடையது எடுப்புக் கக்கூஸ். அதன் பின்சுவரில், தரையை ஒட்டி, ஒரு தகரக் கதவு. அதற்கு வெளியே ஒரு சந்து. எங்கள் தெருவில் எல்லா வீடுகளுக்கும் பின்னால் அந்தச் சந்து ஓடியது. காலையில் ஒரு ஸ்திரீ வருவாள். தகரம் உராயும் சத்தம் கேட்கும். "அந்தப் பக்கம் போகாதே" என்பார்கள். அவள் முகத்தை நான் பார்த்ததாகவே ஞாபகமில்லை. கக்கூஸ் வீட்டைவிட்டு நாற்பத்திரண்டு அடி தள்ளி இருந்ததற்குக் காரணம் சுகாதாரம் மட்டுமல்ல. அந்தச் சந்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டியிருந்தது என்பதும்தான். வீட்டுக்கு இரண்டு வாசல்கள் என்று நாம் சொல்லிக்கொள்வோம். உண்மையில் மூன்று.

பிறகு செப்டிக் டாங்க் வந்தது. தகரக் கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். எடுப்புக் கக்கூஸைத் தடுக்கும் சட்டம் 1993-ல் வந்தது. அதைவிடக் கடுமையான சட்டம் 2013-ல் வந்தது. ஆனாலும் செப்டிக் டாங்கில் இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவர்களைப்பற்றி இன்றும் பத்திரிகையில் படிக்கிறோம். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம்.

காந்திஜியின் சுயசரிதையில் ஒரு இடம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. 1898-ல் டர்பனில் அவர் குடியிருந்த வீட்டில் அறைகளிலிருந்து தண்ணீர் வெளியே போக வழியில்லை. அதனால் அறைக்கு ஒரு மூத்திரச் சட்டி. தங்கியிருந்த குமாஸ்தாக்களின் சட்டிகளைக் கணவனும் மனைவியுமே எடுத்துக் கொட்டினார்கள். புதிதாக வந்த ஒரு குமாஸ்தா பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய சட்டியைத் தானும் எடுக்க முடியாமல், கணவன் எடுப்பதையும் சகிக்க முடியாமல், கண்ணீரோடு மாடிப்படியில் இறங்கி வந்தார் கஸ்தூரிபாய். சிரித்த முகத்தோடு எடுக்கவேண்டும் என்பது கணவர் கட்டளை. வாய்ச்சண்டை முற்றி, மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளிவாசல் வரை போய்விட்டார். வெட்கமில்லையா என்று அந்த அம்மாள் கேட்ட பிறகுதான் அவருக்குச் சுயநினைவு வந்தது. வாலிபத்தில் இதைப் படித்தபோது நான் கணவர் பக்கம் இருந்தேன். இப்போது இருவர் பக்கமும் நிற்க இடம் தேடவேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் போனேன். அவள் தடை மடி ஆசாரம் சம்பந்தப்பட்டது என்றே நான் தீர்மானித்திருந்தேன். "மடி என்று பார்க்கிறாயா? டாக்டரே சொல்லிவிட்டார், பாவமில்லை" என்று ஆரம்பித்தேன்.

"மடியாவது மண்ணாங்கட்டியாவது!" என்றாள் அம்மா. "நான் படுத்துவிட்டால் அதை யாரடா கழுவுவது? அவளா?" என்று சமையலறைப் பக்கம் முகத்தைக் காட்டினாள். "இப்போதாவது விழுந்து எழுந்து நானே போய் வருகிறேன். அறைக்குள்ளே வைத்துவிட்டால் எழுந்திருக்கிற சக்தியும் போய்விடும். அப்புறம் அவள் தலையில்தான் விடியும்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து அவளே பேசினாள்.

"சந்துக்கு ஒருத்தி வருவாளே, மழை நாளில் கூடைக்குமேல் வாழையிலையைப் போட்டுக்கொண்டு வருவாள். இருபது வருஷம் வந்தாள். தீபாவளிக்குப் புடவை கொடுத்தால்கூடத் திண்ணையில் வைத்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். பேர் என்ன என்று கேட்டதில்லை. இந்தக் கை ஒடிந்திருந்தபோது அவள் ஞாபகமாகவே இருந்தது. இவள் எனக்குச் செய்தாள் பார், அப்போது."

கட்டுப் போட்டிருந்த ஆறு வாரமும் என் மனைவி செய்தது எனக்குத் தெரியும். தெரியும் என்றால், அறைக்கு வெளியே உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டு தெரிந்துகொண்டது.

"நான் கழுவுகிறேன்" என்றேன்.

அம்மா நம்பவில்லை. சமையலறையிலிருந்து வந்த மௌனத்திலும் நம்பிக்கை தொனிக்கவில்லை.

நீதிபதி மறுநாள் தீர்ப்புச் சொன்னாள். அறை கட்டலாம், நிபந்தனைகள் உண்டு. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும். உள்பக்கம் திறந்தால், விழுந்தவரே கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார். வெளியிலிருந்து தள்ள முடியாது. இதை எந்தச் சரித்திரப் புஸ்தகமும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டாவது, உட்காருமிடத்துக்கு இரண்டு பக்கமும் சுவரில் பிடிக்கக் கம்பி. மூன்றாவது, தினம் கழுவும் முறை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது.

மேஸ்திரி வந்து நூல் பிடித்துப் பார்த்தார். "நாலடிக்கு ஐந்தரை அடி தாராளம் ஐயா, ரயிலில் இதைவிடச் சின்னது" என்றார். அறையைவிடத் தரை ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கும்; தண்ணீர் மூலைக்கு ஓடும். குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி சரிவு. வளைவில் நிற்கும் தண்ணீரைக் குழாய் உறிஞ்சிவிடாமல் இருக்கக் கூரைக்கு மேலே ஒரு காற்றுக் குழாய். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வந்தால் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் விடவேண்டும். இல்லாவிட்டால் வளைவு வறண்டு நாற்றம் உள்ளே வந்துவிடும். கடிகாரக்காரர் பேரைச் சொன்னேன். மேஸ்திரி மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

செப்டிக் டாங்க் விஷயத்தில்தான் எங்களுக்குள் தகராறு. பழைய டாங்க் கொல்லைக் கோடியில், லாரிக் குழாய் எட்டாத இடத்தில் இருக்கிறது. "ஆள் இறங்கிச் சுத்தம் பண்ணிவிடுவான் சார், இரண்டு பேரை எனக்குத் தெரியும்" என்றார். அதைமட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வாசல் பக்கம், தெருவில் நிற்கும் லாரியின் குழாய் எட்டுகிற தூரத்தில் புது டாங்க் என்று சொன்னேன். முப்பதாயிரத்துக்கு மேல் கூடுதல் செலவு. வாசல் பவழமல்லியும் போய்விடும். அம்மா பவழமல்லிக்காக ஒரு நாள் பேசாமல் இருந்தாள். பிறகு, கிளையை வெட்டிக் கிணற்றடியில் நட்டுவைக்கச் சொன்னாள்.

புதன்கிழமை வேலை ஆரம்பம். இன்று காலையில் அண்டாக்களையும் பஞ்சாங்கங்களையும் வெளியே எடுத்துப் போட்டோம். மூலையின் தரையில் குதிர் நின்ற வட்டம் இன்னும் தெரிகிறது. அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, அந்த வட்டத்துக்குள் நின்று பார்த்தாள். நின்ற இடத்திலிருந்தே இரண்டு பக்கத்துச் சுவரையும் தொட முடிகிறதா என்று கையை நீட்டிப் பார்த்தாள். தொட முடிந்தது.

"ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கிறாய்?" என்று கேட்டாள்.