இது யார அளந்து வெட்டினது?

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி தாண்டிப் போனால் பூண்டி. அங்கே அத்தை வீட்டுக்கு நான் கொண்டுபோனது ஒரு கவுன் தைப்பதற்கான பேப்பர் கட்டிங். இணையத்தில் வாங்கி, பிரின்ட் எடுத்து ஒட்டி, என் மார்பளவான 38-ன் கோட்டில் வெட்டியிருந்தேன். அத்தை அதை என் மேல வச்சுப் பாத்தாங்க. தோள் வழிந்தது. இடுப்புக்கான கோடு இடுப்புக்குக் கீழே நின்றது.

"நான்தான் குள்ளம், குண்டு அத்தை."

"அத விடு. இது யார அளந்து வெட்டினது?"

நல்ல கேள்வி. தையல்காரர் எதிரில் நிற்பவரை அளந்து வெட்டிய காலத்தில் சைஸ் எண்ணுக்கு வேலையே இல்லை. 1863-ல் எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையல்காரர் பல சைஸ்களில் காகித வடிவங்களை விற்கத் தொடங்கினார். முன்பின் பார்க்காத ஒருவருக்காக வெட்டும்போது ஒரு உடம்பைக் கற்பனை செய்துதான் ஆகணும்.

அந்தக் கற்பனைக்குக் கணக்கு தேடி 1939-40-ல் அமெரிக்க அரசு கிட்டத்தட்ட 15,000 பெண்களை அளந்தது. ஒருவருக்கு 59 அளவுகள். ரூத் ஓப்ரையனும் வில்லியம் ஷெல்டனும் 1941-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. இதை ஒட்டி 1958-ல் வந்த சைஸ் தரம், அங்கேயே பலருக்குப் பொருந்தாமல் 1983-ல் கைவிடப்பட்டது.

1940-களில் ஹன்னா டிராய் என்ற வடிவமைப்பாளர், பல பெண்களுக்குத் தோளிலிருந்து இடுப்பு வரையிலான நீளமே குறைவு என்று கவனித்து 'பெட்டீட்' சைஸ்களைக் கொண்டுவந்தார். கீழே மடித்துத் தைத்தால் மட்டும் போதாது என்பது அதன் பொருள். இன்று பெட்டீட் என்றால் பொதுவாக 5 அடி 4 அங்குலத்துக்குக் கீழ். இந்தியப் பெண்களின் சராசரி உயரமோ சுமார் 152 செ.மீ., அதாவது ஐந்தடி. அந்தக் கணக்கில் நம்மில் பெரும்பாலோர் 'விதிவிலக்கு'.

இங்கே தையல்கடைக்கு அளவு ஜாக்கெட்டோடு போவோம். 'இத மாதிரியே, கை மட்டும் கொஞ்சம் லூஸா' என்றால் முடிந்தது. ரெடிமேட் வந்த பிறகு நாமும் எஸ், எம், எல் ஆனோம். நம் உடம்புகளுக்கென்றே ஒரு சைஸ் அட்டவணை வேண்டும் என்று நிஃப்ட் 'இந்தியாசைஸ்' திட்டத்தைத் தொடங்கியது. ஆறு நகரங்களில் 25,000 பேரை ஸ்கேனரில் அளப்பது அதன் இலக்கு. அந்த ஆறில் தமிழ்நாட்டு நகரம் எதுவும் இல்லை.

அத்தை டேப்பை எடுத்தாங்க. அக்குளை ஒட்டி மேல் மார்பு 34, முழு மார்பு 38. வித்தியாசம் நாலு இஞ்ச். இந்த மாதிரி வடிவங்கள் பெரும்பாலும் ரெண்டு இஞ்ச் வித்தியாசத்துக்கு வரைந்தவை. முழு மார்பை நம்பி சைஸ் எடுத்ததால்தான் தோள் வழிந்தது. நல்லவேளை, உள்ளே 36-ன் கோடும் இருந்தது. தோள், கழுத்து, பக்கம் எல்லாம் அதற்குக் குறைத்தோம்.

முதலில் நீளம். தோளுக்கும் மார்புக்கும் நடுவே அரை இஞ்ச் மடிப்பு, மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு இஞ்ச். பின்பக்கத் தாளிலும் அதே மடிப்பு, இல்லேன்னா பக்கத் தையல் சேராது. கைக்குழி சுருங்கியதால் கையின் மேல்வளைவிலும் அரை இஞ்ச்.

அப்புறம் அகலம். முன்பக்கத் தாளை மார்பின் நுனிப்புள்ளி வழியாக வெட்டி, அங்கே ஒரு இஞ்ச் விரித்து, அடியில் வேறு காகிதம் ஒட்டினோம். துணியை ரெண்டாக மடித்து வெட்டுவதால் அது ரெண்டு இஞ்ச் ஆகிவிடும். பக்கத்து டாட் ஆழமாச்சு. தோள் அப்படியே நின்றது.

பழைய நூல்புடவை ஒன்றில் வெட்டி, ஓட்டுத்தையல் போட்டுப் போட்டுப் பார்த்தேன். வாசலில் மேல்மலைக் குளிர். கையைத் தூக்கினேன், குனிந்தேன், எங்கும் இழுக்கவில்லை. டாட் நுனியை மட்டும் கால் இஞ்ச் இறக்கச் சொன்னாங்க. இறக்கினோம்.