உரோமரும் கொழுத்த கோழியும்

கி. மு. 161 ஆம் ஆண்டில் உரோமிலே கொன்சல் பதவி வகித்த கையசு பன்னியசு என்பாரின் பெயரால் வழங்கும் சட்டமொன்று, விருந்திற் பரிமாறத்தக்க பறவை ஒரேயொரு கோழி மாத்திரமே என்றும், அதுதானும் தீனியிட்டுக் கொழுக்க வைத்ததாயிருத்தலாகாது என்றும் விதித்தது. ஓர் அரசு கோழித்தீனியிலே தலையிட்டமை இன்று நகைப்பை விளைக்கலாம். அக்காலத்து நிலையை நோக்குவார்க்கு அது நகைப்பன்று.

கார்த்தேசுடன் நிகழ்ந்த இரண்டாம் பியூனிக்கு யுத்தம் கி. மு. 201 இல் முடிந்தது, மக்கதோனியா கி. மு. 168 இல் வீழ்ந்தது. கீழைத்தேயச் செல்வம் உரோமிற் குவிந்தது. பிரபுக்கள் விருந்திலே செல்வத்தை வாரியிறைத்தனர். சட்டமோ சாதாரண நாளின் உணவுச் செலவை 10 'ஆசு' நாணயத்துக்கும், மாதத்திற் பத்து நாள்களுக்கு 30 ஆசுக்கும், பெருவிழா நாள்களில் 100 ஆசுக்கும் மட்டுப்படுத்திற்று. கோழியைக் கொழுக்க வைக்கும் வழக்கத்தைத் தொடக்கியோர் கிரேக்கக் கடலிலுள்ள டெலோசுத் தீவினர் என்பர் பிளினி. ஆகவே, கொழுத்த கோழி வெறும் உணவன்று. அந்நியரிடமிருந்து வந்த ஆடம்பரத்தின் அடையாளமுமாம்.

ஆயின், அக்கலை உரோமர் பண்ணைகளிலே முன்னரே வேரூன்றிவிட்டது. அதனை எழுதிவைத்தவர் வேறு யாருமல்லர், ஆடம்பரத்தின் பெரும் பகைவரெனப் பெயர்பெற்ற கேற்றோவே. மகளிரின் பொன்னணிக்கும் வண்ண ஆடைக்கும் வரம்பு கட்டிய ஒப்பியச் சட்டத்தை நீக்கலாகாதென கி. மு. 195 இல் வாதாடியவர் அவர். ஏறத்தாழப் பன்னியச் சட்டத்தின் காலத்தையொட்டி அவர் இயற்றியதாகக் கருதப்படும் வேளாண்மை நூலிலே கோழி கொழுக்கும் முறை கூறப்படுகின்றது. முதன்முறை முட்டையிடத் தொடங்கிய இளம் பேட்டை அடைத்துவைத்தல் வேண்டும். மாவை அல்லது வாற்கோதுமை மாவை உருண்டையாக்கி, நீரில் நனைத்து, அதன் வாயிலே திணித்தல் வேண்டும். நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, போதிய அளவை இரைப்பையைக் கொண்டு அறிதல் வேண்டும். தீனி நாளுக்கு இருமுறை, நண்பகலில் நீர். கேற்றோவிடம் முரண்பாடு காண்பது எளிது. ஆனால், பண்ணையாளன் வாங்குவதிலும் விற்பதிலேயே நாட்டங்கொள்ள வேண்டுமென்பது அவர் கொள்கை. தாம் உண்ணாததைப் பிறர்க்கு விற்பதில் அவர் இழுக்கொன்றும் கண்டிருக்கமாட்டார்.

சட்டத்தை மீறாது ஏய்க்கும் வழியும் விரைவிற் பிறந்தது. சட்டம் குறித்த இலத்தீன் சொல் பேட்டையே சுட்டுவது. எனவே தடை சேவலைத் தொடாதென்று கொண்டனர் போலும். பாலில் ஊறிய தீனியால் சேவல்களைக் கொழுக்க வைத்தனர். அவை முன்னையவற்றினும் சுவை மிக்கனவாயின என்கிறார் பிளினி. விதையடித்த சேவல் இச்சட்டத்தினாலேயே தோன்றிற்று எனப் பிற்காலத்தார் சிலர் எழுதுவர். பிளினியின் கூற்றில் அதற்கு இடமில்லை. கி. மு. 143 இல் வந்த திதியச் சட்டம் இவ்விதிகளை இத்தாலி முழுவதற்கும் விரித்து, விருந்துண்டோரையும் குற்றவாளியாக்கிற்று. கொழுத்த கோழிக்கெதிரான வாசகமோ பின்வந்த சட்டங்கள்தோறும் மாறாது இடம்பெற்று வந்தது.

தடை நின்றது; கலையும் வளர்ந்தது. கி. மு. முதலாம் நூற்றாண்டில் வாரோ, வெப்பமும் இருளும் உடைய ஒடுங்கிய இடத்தைக் கூறுகிறார். அசைவும் ஒளியும் கொழுப்பைக் குறைக்குமாம். வாற்கோதுமை உருண்டையால் இருபத்தைந்து நாள். நல்ல திராட்சைமது கலந்த நீரில் ஊறிய உரொட்டியாயின் இருபது நாளே போதும். ஈண்டு ஒன்று நினைக்கத்தக்கது. உரோமர் படையிலே கடமை தவறிய பிரிவினர்க்குத் தண்டனையாக, கோதுமைக்குப் பதில் வாற்கோதுமையே வழங்கப்பட்டது. அப்போர்வீரனுக்கு மறுக்கப்பட்ட கோதுமை, கூட்டிலடைத்த கோழிக்கு மதுவுடன் கிடைத்தது.

ஒரு நூற்றாண்டின் பின் எழுதிய கொலுமெல்லா, தலைக்கும் வாலுக்கும் மாத்திரம் துவாரமுள்ள கூட்டை விவரிக்கிறார். முன்னுண்டது செரித்ததா என இரைப்பையைத் தொட்டுப் பார்த்த பின்னரே அடுத்த தீனியை இடச் சொல்கிறார். கோழியைக் கொழுக்க வைத்தல் உழவனின் வேலையன்று, அத்தொழிலுக்கென்றே உள்ளவனின் வேலை என ஒப்புக்கொண்டு, கடினமானதன்று ஆதலாற் கூறுவதாக அவர் அப்பகுதியைத் தொடங்குகிறார். கேற்றோ காலத்துப் பண்ணை வேலை, அதற்குள் நகரத்துத் தனித்தொழிலாகிவிட்டது.