ஆசிரியபீடத்தில் அமர்ந்த முதற் பெண்மணி

ஒரு பத்திரிகையின் செய்திப் பக்கங்களில் பெண்கள் எழுதுவது ஒன்று. அதன் கொள்கையை வகுத்துரைக்கும் ஆசிரியபீடத்தில் அவர்கள் அமர்வது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தை அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆன் ஓஹேர் மெக்கோர்மிக்கின் வாழ்க்கை நன்கு உணர்த்துகின்றது.

1915 ஆம் ஆண்டில் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகை பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்து ஆசிரிய தலையங்கம் தீட்டியது. அதன் உரிமையாளர் அடோல்ஃப் ஒக்ஸ், பெண்களைச் செய்தியாளர்களாக நியமிப்பதையும் விரும்பாதவர். அந்தப் பத்திரிகைக்குள்தான் மெக்கோர்மிக் தமக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்டார்.

1880 இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் பிறந்த அவர், ஒஹையோ மாநிலத்தில் வளர்ந்து, கிளீவ்லாந்தின் கத்தோலிக்க வார இதழொன்றில் எழுத்துப் பயிற்சி பெற்றார். திருமணத்தின் பின்னர் கணவருடன் ஐரோப்பாவுக்கு அடிக்கடி சென்றுவந்தார். அங்கிருந்து கட்டுரைகள் அனுப்பலாமா என அவர் வினவியபோது, டைம்ஸின் நிர்வாக ஆசிரியர் கார் வான் ஆன்டா முயன்று பார்க்குமாறு இசைவளித்தார். 1921 இலேயே இத்தாலியில் முசோலினியின் எழுச்சியை இனங்கண்டு எழுதியமை அவருக்குப் பெயரீட்டிக் கொடுத்தது. முசோலினியை அவர் தொடக்கத்தில் மென்மையாக மதிப்பிட்டார் என்ற விமர்சனமும் உண்டு. பின்னர் ஹிட்லர், ஸ்டாலின், ரூஸ்வெல்ட், சேர்ச்சில் ஆகியோரையும் நேரிற் கண்டு எழுதினார்.

இத்துணை ஆற்றல் வெளிப்பட்ட பின்னரும் ஆசிரியபீடத்தின் கதவு திறக்கவில்லை. 1935 இல் ஒக்ஸ் காலமானார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற மருமகன் ஆர்தர் ஹேய்ஸ் சல்ஸ்பேர்கர், 1936 இல் மெக்கோர்மிக்கை ஆசிரியபீடத்தில் சேர்த்துக்கொண்டார். அப்பீடத்தில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. மறு ஆண்டு, பத்திரிகைத்துறையின் பிரதான பிரிவொன்றில் புலிட்சர் பரிசு பெற்ற முதற் பெண்மணி என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது. ஆசிரிய தலையங்கப் பக்கத்தில் வாரத்திற்கு மூன்று நாட்கள் அவரது வெளிநாட்டு அரசியற் பத்தி வெளிவந்தது. 1954 மே 29 இல் காலமாகும் வரை அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

அவரது திறமை 1921 இலேயே வெளிப்பட்டுவிட்டது. ஆசனம் கிடைத்ததோ பதினைந்து ஆண்டுகளின் பின்னர். இடையில் மாற வேண்டியிருந்தது அவரது எழுத்தன்று. பத்திரிகையை நடத்தியோரின் மனமே. பெண்களின் திறமையைப் போற்றிப் பேசுவதுடன் கடமை முடிந்துவிட்டதாகக் கருதும் எந்தவொரு நிறுவனமும் இவ்வரலாற்றைச் சிந்தையிற் கொள்வது நன்றென்பதே எமது கருத்தாகும்.