காலம் தாழாத குரல்

கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் ஹனூர் என்னும் ஊர் அமைந்துள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அது சென்னை இராஜ்யத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவாரிச் சீரமைப்பின்போது கொள்ளேகால் வட்டம் மைசூர் இராஜ்யத்தோடு இணைக்கப்பட்டது. 1997 வரை மைசூர் மாவட்டத்திலும், அதன் பின்னர் சாமராஜநகர் மாவட்டத்திலும் அவ்வூர் இடம் பெற்றது. இவ்வாறு அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுட் சில, இருந்த இடத்தை விட்டு அசையாமலே வெளிமாநிலத்தார் ஆயின. பணியின் பொருட்டு ஊர்விட்டு வந்த நம்மைப் போன்றோரும் அவர்களும் தாய்மொழியை நாள்தோறும் செவியாரக் கேட்பதற்கு வானொலியே நெடுங்காலம் துணை நின்றது.

சென்ற பொங்கலன்று ஹனூரில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தோம். கூடத்தில் பழைய வானொலிப் பெட்டி, சமையலறையில் கைப்பேசி. இரண்டிலும் ஒரே தமிழ் நிகழ்ச்சி. பெட்டியில் மணியைக் குறிக்கும் ஒலி கேட்டு ஓய்ந்து, ஏறத்தாழ அரை நிமிடம் சென்ற பிறகே கைப்பேசியில் அது கேட்டது. வீட்டிலிருந்த முதிய அம்மையார், "இதில் எதை நம்பிக் கடிகாரத்தைத் திருப்புவது?" என்று வினவினார். அவ்வினாவுக்கு விடை காண ஒலிபரப்பின் வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும்.

தமிழகத்தில் வானொலி முயற்சி 1924-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பினால் தொடங்கப்பெற்றது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனிலும், திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும் ஒலிக்கத் தொடங்கின. இதற்கிடையில், 1935-இல், மைசூர் மகாராஜா கல்லூரியின் உளநூற் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி அவர்கள், 'விட்டல் விஹார்' என்னும் தம் இல்லத்திலேயே 30 வாட் ஆற்றலுள்ள சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பை நிறுவினார். 'ஆகாசவாணி' என்று அதற்குப் பெயர். பின்னர் மைசூர் அரசு அதனை ஏற்று நடத்தியது; 1950-இல் அது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. பிற்காலத்தில் நாடு முழுவதன் வானொலிக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று.

அந்நாளில் ஒரு வீட்டிலிருந்து புறப்பட்ட குரல் ஊரெங்கும் அக்கணமே கேட்டது. வானொலி அலை விநாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் விரைவது. திருச்சிக்கும் ஹனூருக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அத்தொலைவை அலை கடக்கும் நேரத்தில், காற்றில் பரவும் பேச்சொலி ஒரு சாண் தூரமே செல்லும். அறிவிப்பாளரின் மேசைக்கு எதிரே அமர்ந்திருப்பவருக்கும் முன்னதாகவே ஹனூர் நேயர் செய்தியைக் கேட்டுவிடுவார்!

இணையத்தின் வழியே வரும் குரலோ வேறு முறையில் பயணம் செய்கிறது. அது சிறு சிறு பொதிகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு பொதியும் தனித்தனியே அனுப்பப்படுகிறது. சில விரைந்து வரும், சில பிந்தும், சில வழியிலேயே தொலையும். 1974-இல் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையில் இம்முறையில் பேசிப் பார்த்த அறிஞர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. தொலைந்த பொதியை மீண்டும் வரவழைத்துச் சரிபார்ப்பது கடிதத்துக்கு ஏற்றது, பேச்சுக்குத் தீங்கானது. சொல்லின் ஒரு துணுக்கு விடுபட்டாலும் பொருள் விளங்கும். பேச்சு நின்று காத்திருந்தால் உரையாடல் முறிந்துவிடும். எனவே, மீட்டு அனுப்பும் டி.சி.பி. முறைக்குப் புறம்பாக, காத்திராத யூ.டி.பி. முறை 1980-இல் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பொதிக்கும் காலமுத்திரையும் வரிசை எண்ணும் இடும் ஆர்.டி.பி. முறை 1996-இல் வெளியாயிற்று.

ஒழுங்கின்றி வரும் பொதிகளைச் சீராக ஒலிக்கச் செய்வதற்குக் கருவியில் ஒரு சேமிப்பு வேண்டும். இதனைப் 'பஃபர்' என்பர். மழை விட்டுவிட்டுப் பெய்தாலும் ஏரியின் மதகு ஒரே சீராக நீர் விடுவதை இதற்கு ஒப்பிடலாம். ஏரி பெரிதானால் ஒலி தடைப்படாது. ஆனால் அது நிரம்பும் வரை நாம் காத்திருக்க வேண்டும். 2009-இல் ஆப்பிள் நிறுவனம் கொணர்ந்த எச்.எல்.எஸ். முறையில், நிகழ்ச்சி பத்து விநாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டது. மூன்று துண்டுகள் சேர்ந்த பிறகே ஒலி எழும். எனவே அரை நிமிடத் தாமதம். துண்டின் நீளம் பின்னர் ஆறு விநாடியாகக் குறைக்கப்பட்டது. 2019-இல் மேலும் சுருக்கும் வழியும் அறிவிக்கப்பட்டது. அம்மையாரின் ஐயத்துக்குக் காரணம் இதுவே. கைப்பேசி பொய் கூறவில்லை. அது கூறுவது முன்னர் நிகழ்ந்ததை. கடிகாரத்தைப் பெட்டியைக் கொண்டே திருப்பலாம்.

நிலையத்திலிருந்து வரும் வழியில் ஏற்படும் தாமதத்தைக் குறைத்தல் நம் கையில் இல்லை. வீட்டுக்குள் ஏற்படுவதைக் குறைக்க வழிகள் உண்டு. கூடத்துக் கருவி ஒன்று நிகழ்ச்சியைப் பெற்று, ஏனைய அறைகளுக்கு அனுப்பட்டும். அதனை வைஃபையை விடக் கம்பியினால் ரூட்டரோடு இணைப்பின் பொதிகள் சீராக வரும், பஃபரையும் சிறிதாக்கலாம். புளூடூத் ஒலிபெருக்கி பத்தில் ஒரு விநாடிக்கு மேலும் தாமதம் சேர்ப்பதுண்டு. 2012-இல் வகுக்கப்பட்ட ஓபஸ் முறை, ஒலியை விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கான துணுக்குகளாகவே சுருக்கி அனுப்பவல்லது. இவற்றினும் இன்றியமையாதது பொதுக் கடிகாரம். எல்லா அறைகளின் கருவிகளும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றி, குறித்த நொடியில் ஒலிக்குமாறு அமைத்தல் வேண்டும். இரு ஒலிகளுக்கிடையே உள்ள வேறுபாடு விநாடியின் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குக்குள் அடங்கின் பேச்சு நம் செவிக்கு ஒன்றாகவே படும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949-இல் ஆராய்ந்து காட்டினார்.

அரை நிமிடத்துக்கு இத்துணை கவலை எதற்கு என்று சிலர் வினவலாம். தொலைவில் வாழ்வோருக்கு அது சிறிய பொருளன்று. ஊரில் உள்ள உடன்பிறந்தவர் கேட்கும் அதே கணத்தில் நாமும் கேட்கிறோம் என்னும் எண்ணமே நேரடி ஒலிபரப்பின் உயிர். ஹனூர் அம்மையார் பெட்டியை அணைக்க மறுத்துவிட்டார். நாம் கைப்பேசியின் ஒலியை அடக்கினோம். கூடத்தில் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து கேட்டோம்.